ஆறு வயதில் வரும் பல்

பட்டு என்றால் காஞ்சீபுரம் என்று சொல்லி, அதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் அநேகர். அவர்கள் ஒரு தடவை ஆரணிக்குப் போய்வர வேண்டும். பழைய வட ஆற்காடு ஜில்லாவில் இருந்து, இப்போது திருவண்ணாமலை மாவட்டத்தில் சேர்ந்துவிட்ட ஊர் அது. கமண்டல நாகநதி அதன் பக்கமாகப் போகிறது. ஆறு அணி செய்வதால் ஆரணி என்று ஊர்ப் பெயருக்குக் காரணம் சொல்வார்கள். 1751-ஆம் ஆண்டில், ஆற்காட்டு முற்றுகை முடிந்த கையோடு, ராபர்ட் கிளைவ் இங்கே ஒரு சண்டை நடத்தி ஜயித்தான் என்று சரித்திரப் பாடத்தில் வரும். ஆனால் இன்று ஆரணிக்குப் பெயர் வாங்கித் தருபவை இரண்டுதான். ஒன்று பட்டு, மற்றொன்று அரிசி.

நெசவாளர் தெருவில் நடந்து போனால் தறிச் சத்தம் கூடவே வரும். குழித்தறியில் கால் மிதியை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருடைய கண், பாவில் உள்ள ஆயிரக் கணக்கான இழைகளின் மேலேயே இருக்கும். அவற்றில் ஒன்று அறுந்தால் போதும், தறி நின்றுவிடும். அறுந்த இழையைத் தேடி எடுத்துப் பிணைத்த பிறகுதான் மறுபடி நாடா ஓடும். "போகட்டும், ஓர் இழைதானே!" என்று அவர் விடுவதில்லை. விட்டால் சேலை முழுதும் அந்தக் கோடு தெரியும், கூலியிலும் தெரியும்.

அவ்வளவு கூர்மையான கண் உடையவருடைய வீட்டிலேயே, ஆறு வயதுக் குழந்தை வாயைத் திறந்து சிரிக்கும்போது கடைவாயில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தால், "பால் பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று சொல்லிவிடுகிறார்கள். ஆரணியில் மட்டுமல்ல, நம் நாட்டில் எல்லா ஊர்களிலும் இதே கதைதான். பாதி வேளைகளில் அந்த வார்த்தை தவறாகப் போய்விடுகிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

யாரும் கவனிக்காத வரவு

குழந்தைக்கு முன்பல் ஆடத் தொடங்கினால் வீட்டில் ஒரே அமர்க்களம். நாக்கால் தள்ளித் தள்ளி ஆட்டிக்கொண்டே இருப்பான். விழுந்ததும் அதைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிவது நம்மவர் வழக்கம். எங்கள் வீட்டில் பாட்டி பக்கத்தில் நின்று, "கையை ஓங்கி எறிடா, ஓட்டுக்கு மேலே போகணும்" என்று உற்சாகப்படுத்தியது இன்னும் நினைவிருக்கிறது. கூரை இல்லாத மாடி வீட்டுப் பிள்ளைகள் என்ன செய்கிறார்களோ!

இப்படி முன்பக்கத்தில் விழாக் கோலமாக இருக்கும்போது, வாயின் கடைசியில் ஓசைப்படாமல் ஒரு காரியம் நடக்கிறது. பால் பற்கள் மொத்தம் இருபது. அவற்றுக்கெல்லாம் பின்னால், ஒரு பால் பல்லும் விழாமலே, மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு பெரிய கடைவாய்ப் பற்கள் ஏறக்குறைய ஆறாம் வயதில் முளைத்துவிடுகின்றன. இவை பால் பற்கள் அல்ல. அறுபது எழுபது வயது வரையில் சோறு மென்று தரவேண்டிய நிரந்தரப் பற்கள். ஒன்று விழுந்து அந்த இடத்தில் முளைத்திருந்தால் தாயார் கவனித்திருப்பாள். எதுவும் விழாததால், இதுவும் பால் பல் என்றே எண்ணிவிடுகிறாள்.

இந்தப் பல்லின் மேற்புறம் வழவழப்பாக இருப்பதில்லை. ஆழமான பள்ளங்களும் வரிகளும் நிறைந்தது. சாப்பிட்ட பண்டம் அவற்றில் போய் ஒளிந்துகொள்ளும். முளைத்த புதிதில் பல்லின் மேலுறை முழுக்க முதிர்ந்திருப்பதும் இல்லை. அது பக்கத்துப் பல்லின் மட்டத்துக்கு எழும்பி வருவதற்குப் பல மாதங்கள் ஆகும். அதுவரையில் தாழ்வாக, மூலையில் இருப்பதால், குழந்தை பல் தேய்க்கும்போது பிரஷ் அதன்மேல் படுவதே கிடையாது. முதலில் சொத்தையாகும் நிரந்தரப் பல் பெரும்பாலும் இதுதான் என்றால் ஆச்சரியப்படுவதற்கு என்ன இருக்கிறது? பத்து வயதில் வலி தாங்காமல் பிடுங்கிவிடுகிறார்கள். "விழுந்து முளைக்கும்" என்ற பல் பிறகு முளைப்பதே இல்லை.

அப்படியானால் பால் பல் கெட்டால் பாதகமில்லையா? அதுவும் சரியல்ல. பால் கடைவாய்ப் பற்கள் பத்து பன்னிரண்டு வயது வரையில் இருக்க வேண்டியவை. பின்னால் வரப்போகும் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பவை அவை. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது நமக்குத் தெரியாததா? துண்டை எடுத்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்கார்ந்துவிடுவார். பற்களும் அதையேதான் செய்கின்றன. பிறகு வருகிற பல் கோணலாக வருகிறது.

ஆறாவது வயது, குழந்தை ஒன்றாம் வகுப்பில் உட்காரும் வயது. தாயார் காணாத பல்லை ஒன்றாம் வகுப்பு ஆசிரியை கண்டுகொள்ள முடியும்.

பூச்சியும் புழுவும்

சொத்தைப் பல்லை நம் கிராமங்களில் 'பூச்சிப் பல்' என்பார்கள். பல்லுக்குள் ஒரு புழு இருந்துகொண்டு அரிக்கிறதாம். கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டுப் புகை பிடித்து, "இதோ புழு விழுந்தது பார்!" என்று காட்டுபவர்களும் உண்டு. இதைக் கேட்டு நம்மவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. பண்டைய பாபிலோனியாவின் களிமண் பலகைகளிலேயே பல்லை அரிக்கும் புழுவைப் பற்றிய மந்திரம் இருக்கிறது. ஜப்பானிய மொழியில் சொத்தைப் பல்லுக்கு 'முஷிபா' என்று பெயர். அதற்கும் பூச்சிப் பல் என்றே அர்த்தம். ஐரோப்பாவிலும் ஒரு விதையைப் புகைத்துப் 'புழு' எடுத்துக் காசு சம்பாதித்தவர்கள் இருந்தார்கள். சூட்டில் வெடித்த விதையின் உட்கருவைத்தான் அவர்கள் புழு என்று காட்டினார்கள். பியேர் ஃபோஷார் என்ற பிரெஞ்சு வைத்தியர் 1728-இல் பல் வைத்தியத்தைப் பற்றிப் பெரிய நூல் வெளியிட்டபோது இந்தப் புழுக் கதையை நம்ப மறுத்தார்.

உண்மையைத் துலக்கியவர், பெர்லினில் வேலை பார்த்த மில்லர் என்ற அமெரிக்கர். 1890-இல் அவர் வெளியிட்ட முடிவு இதுதான்: வாயில் உள்ள நுண்கிருமிகள் சர்க்கரையையும் மாவுப் பண்டத்தையும் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன, அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது. 1924-இல் லண்டனில் கிளார்க் என்பவர் சொத்தைப் பல்லிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்து எடுத்து அதற்குப் பெயரும் வைத்தார். ஆகவே நம் பாட்டிமார் சொன்ன 'பூச்சி' ஒருவிதத்தில் மெய்யாகிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, அவ்வளவுதான். புகைக்கு அது அஞ்சுவதில்லை.

இனிப்புப் பண்டம் வாய்க்குள் போனதும் சில நிமிஷங்களில் அமிலம் ஊறத் தொடங்குகிறது. உமிழ்நீர் அதை எதிர்த்துச் சமாளித்துப் பல்லை மீட்க அரைமணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். ஒரு லட்டை ஒரே மூச்சில் தின்று முடித்துவிட்டால் பல்லுக்கு ஒரு யுத்தந்தான். அதே அளவு இனிப்பை மிட்டாயாக வாயில் அடக்கிக்கொண்டு காலை முதல் மாலை வரை சப்பினால் நாள் முழுவதும் யுத்தம். 'எவ்வளவு' என்பதைவிட 'எத்தனை தடவை' என்பதே முக்கியம்.

இதை உறுதி செய்த பரிசோதனை ஒன்று ஸ்வீடனில் 1945 முதல் சில ஆண்டுகள் நடந்தது. வீப்பெஹோல்ம் என்ற விடுதியில் இருந்த மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு, சாப்பாட்டுக்கு இடையிடையே ஒட்டும் டாஃபியைக் கொடுத்துப் பார்த்தார்கள். பற்கள் மளமளவென்று கெட்டன. உணவோடு சேர்த்துச் சர்க்கரை உண்டவர்களுக்கு அவ்வளவு கெடுதல் இல்லை. 1954-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தம் சம்மதத்தைச் சொல்லத் தெரியாதவர்களின் பல்லைக் கெடுத்துப் பெற்ற அறிவு அது. நினைத்தால் மனம் கூசுகிறது. பெற்ற அறிவைப் பயன்படுத்தாமல் போனால் அவர்கள் பட்ட பாடு வீணாகும்.

தறிக்கு ஏற்ற வாழ்க்கை

கைத்தறி நெசவு மாதச் சம்பள உத்தியோகம் அல்ல. நெய்த சேலைக்குத்தான் கூலி. அப்பா தறியில் இருப்பார். அம்மா தார் சுற்றுவாள், அல்லது அவளும் தறியில் உட்காருவாள். பத்து மணிக்கும் நாலு மணிக்கும் டீ வரும். கூடவே பன்னும் பிஸ்கட்டும் வரும். குழந்தை வந்து காலைக் கட்டிக்கொண்டு சிணுங்கினால் தறியை விட்டு எழுந்திருக்க முடியாது. ஒரு காசைக் கையில் கொடுத்து, "போய் முட்டாய் வாங்கிக்கோ" என்று அனுப்புவதுதான் அந்தச் சமயத்துக்குச் சௌகரியம். இதில் அன்புக் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை அந்தக் காசு கை மாறுகிறது. பிள்ளையின் வாயில் நாள் முழுவதும் யுத்தம்.

பிறகு ஒருநாள் இரவு பல்வலி வருகிறது. குழந்தை தூங்குவதில்லை, வீட்டாரும் தூங்குவதில்லை. கிராம்பை வைத்துப் பார்க்கிறார்கள். மறுநாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்கு மறுநாள் அம்மா ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போகிறாள். அன்று தறி ஓடவில்லை. அன்றைய கூலி இல்லை. சொத்தைப் பல்லின் விலையை வைத்தியச் செலவை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் நெசவாளர் வீட்டுக் கணக்கு தெரியாதவர்கள்.

நெசவுக்கும் வாய்க்கும் பழைய சம்பந்தம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் லங்காஷயர் பருத்தி ஆலைகளில், நாடாவின் கண்ணில் நூலைக் கோக்க, தொழிலாளிப் பெண்கள் அதில் வாயை வைத்து உறிஞ்சி இழுப்பார்கள். 'நாடாவை முத்தமிடுதல்' என்று அதற்குப் பெயர். ஒரே நாடா பலர் வாய்க்குப் போகும். நோயும் பரவும், பல்லும் கெடும். அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் ராஜ்யம் 1911-இல் இதைத் தடை செய்தது. லங்காஷயரில் தடை வருவதற்கு 1952 ஆயிற்று. நம் ஊரில் தையற்காரர்களும் பூக்கட்டுபவர்களும் கத்தரிக்கோல் பக்கத்தில் இருக்கும்போதே நூலைப் பல்லால் கடித்து அறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆண்டுக் கணக்கில் அப்படிச் செய்தால் முன்பல் விளிம்பில் சிறு பள்ளம் விழுந்துவிடும். பல் வைத்தியர்கள் அதைக் கண்டே தொழிலைச் சொல்லிவிடுவார்கள்.

முன்காலத்தில் கோர்வைச் சேலை நெய்யும்போது, மறுபக்கத்தில் நாடா தள்ளச் சிறு பிள்ளைகளை உட்கார வைப்பது பட்டு நெசவு ஊர்களில் வழக்கமாக இருந்தது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டமும், 2009-இல் கட்டாயக் கல்விச் சட்டமும் வந்தன. தறியிலிருந்து விடுபட்ட பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வருகிறான். எழுத்தோடும் எண்ணோடும் அவனுக்குச் சேர்த்துத் தர வேண்டியது இந்தப் பல் தேய்க்கும் பழக்கம்.

உமிக்கரியும் அரிசியும்

அரிசி ஆலைகள் மிகுந்த ஊரில் உமிக்குப் பஞ்சமா? உமியைக் கரித்து, உப்புச் சேர்த்துப் பல் தேய்த்தவர்கள் நம் முன்னோர். "அவர்களுக்கெல்லாம் பல் கெட்டதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அந்தக் காலத்தில் பிஸ்கட்டும் மிட்டாயும் தெருவுக்குத் தெரு தொங்கவில்லை என்பது முதல் பதில். உமிக்கரியும் செங்கல் பொடியும் அழுக்கோடு பல்லின் மேலுறையையும் தேய்த்துவிடும் என்பது இரண்டாவது பதில். மனித உடம்பில் மிகக் கடினமான பொருள் அந்த மேலுறை. ஆனால் தேய்ந்தால் மறுபடி வளராது. வயதானவர்களுக்குக் குளிர்ந்த நீர் பட்டால் பல் கூசுகிறதே, அதில் உமிக்கரியின் பங்கும் இருக்கலாம். வேப்பங்குச்சியை மென்று நுனியை மிருதுவாக்கித் தேய்த்தால் பழுதில்லை. ஆனால் ஆறு வயதுக் குழந்தைக்கு அது கடைவாய் வரை எட்டாது.

புகையிலை கலந்த பற்பொடி ஒரு காலத்தில் தாராளமாக விற்றது. பல் கூச்சம் போகும் என்று பெண்கள் அதைத் தேய்த்தார்கள். பிறகு விட முடியாமல் தவித்தார்கள். 1992-இல் மத்திய அரசு, பற்பசையிலும் பற்பொடியிலும் புகையிலை கலப்பதைத் தடை செய்தது.

சரி, எதைக் கொண்டு தேய்ப்பது? மிருதுவான சிறிய பிரஷ், புளோரைடு கலந்த பற்பசை. புளோரைடு என்பது பல்லின் மேலுறையோடு கலந்து அமிலத்துக்கு அது எளிதில் கரையாதபடி செய்யும் உப்பு. டப்பாவில் அந்தப் பெயர் இருக்கிறதா, ஏறக்குறைய ஆயிரம் பி.பி.எம். அளவு இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். கிராம்பு, வேம்பு, மூலிகை என்று படம் போட்ட பல பசைகளிலும் பொடிகளிலும் அது இருப்பதே இல்லை. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசியளவு பசை போதும். மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணி அளவு. அரிசி ஊர்க்காரர்களுக்கு இந்த அளவைச் சொல்லித் தர வேண்டியதில்லை! விளம்பரப் படத்தில் பிரஷ் முழுவதும் பாம்பு போலச் சுருண்டு கிடக்கும் பசை, கம்பெனிக்குத்தான் நல்லது. தேய்த்த பிறகு நுரையைத் துப்பினால் போதும். செம்பு செம்பாகத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் புளோரைடு முழுதும் சாக்கடைக்குப் போய்விடும்.

ஓர் எச்சரிக்கை. இதே புளோரைடு குடிதண்ணீரில் அளவு மீறி இருந்தால் குழந்தைகளின் பல்லில் பழுப்புப் பட்டை விழும்; மேலும் மிகுந்தால் எலும்பே வளையும். நம் நாட்டில் இந்த நோயை முதன்முதலில் அடையாளம் கண்டது 1937-இல், அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் ஜில்லாவில். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிணறுகளில் இந்தத் தொல்லை இருந்ததால்தான் 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருக்கக் கூடாது. ஆழ்துளைக் கிணற்று நீர் குடிக்கும் பள்ளிகளில் அதைச் சோதித்து வைத்துக்கொள்வது நல்லது. பழுப்புப் பட்டையைச் சொத்தை என்று எண்ணிக் குழந்தையைத் திட்டுகிற ஆசிரியர்களும் இருக்கிறார்கள்.

பாடம் போதாது

'பல் பாதுகாப்பு' என்று நம் பாடப் புத்தகங்களில் வெகு காலமாகவே பாடம் உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை பல் வைத்தியர்கள் வந்து, பெரிய பிளாஸ்டிக் பல் வரிசையைக் காட்டிச் சொற்பொழிவு ஆற்றி, ஆளுக்கு ஒரு பிரஷ் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பிள்ளைகள் கை தட்டுகிறார்கள். பரீட்சையில் "காலையும் இரவும் பல் துலக்க வேண்டும்" என்று சரியாக எழுதுகிறார்கள், மார்க்கும் வாங்குகிறார்கள். அன்று இரவு அந்தப் பிள்ளை பல் தேய்த்தானா? அதுதான் கேள்வி. ஒரு நாள் உபதேசத்தால் அறிவு வளர்கிறது, சொத்தை குறைவதில்லை என்று பல நாடுகளின் ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. நீந்துவதைப் பற்றிக் கட்டுரை எழுதினவன் ஏரியில் குதித்துப் பார்க்கட்டுமே!

நம் நாட்டில் 2002-03-இல் நடந்த தேசிய வாய்நலக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 52 பேருக்கும், பன்னிரண்டு வயதில் 54 பேருக்கும், பதினைந்து வயதில் 63 பேருக்கும் சொத்தை இருந்தது. பாடம் படிக்கப் படிக்கச் சொத்தையும் ஏறிக்கொண்டே போயிருக்கிறது! உலகம் முழுவதும் பால் பல் சொத்தையுள்ள குழந்தைகள் 51 கோடிக்கு மேல் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் தெரிவித்தது.

பாடத்தை விட்டுப் பழக்கத்தைப் பிடித்தவர்கள் வெற்றி பெற்றிருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் பாலர் பள்ளிகளில் தினமும் ஆசிரியை முன்னிலையில் குழந்தைகள் புளோரைடு பசையால் பல் தேய்க்கிறார்கள். அது நாடு முழுவதும் பரவிய பத்தாண்டுக்குள், ஐந்து வயதுக் குழந்தைகளின் பல் வைத்தியத்துக்கு அரசு செய்த செலவு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அது பணக்கார நாடு என்பீர்கள். பிலிப்பைன்ஸ் பணக்கார நாடல்ல. அங்கே 2008 முதல் அரசுப் பள்ளிகளில் மூன்று காரியங்களைச் சேர்த்துச் செய்கிறார்கள்: தினமும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, தினமும் பல் தேய்ப்பது, ஆண்டுக்கு இரு முறை குடற்புழு மருந்து. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு ஒரு டாலருக்கும் குறைவான சாமான் செலவுதான். வைத்தியர் வேண்டாம், ஆசிரியரே நடத்துகிறார். ஜப்பானில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பு முழுதும் சேர்ந்து பல் தேய்க்கும் பள்ளிகள் ஏராளம்.

இலங்கைத் தமிழர்கள் வேறொன்று சொல்வார்கள். நியூஸிலாந்து 1921-இலேயே பள்ளிக் குழந்தைகளின் பல்லைக் கவனிக்க இளம் பெண்களுக்கு விசேஷப் பயிற்சி கொடுத்து அனுப்பியது. கொழும்புத் திட்ட உதவியோடு அதே முறை ஐம்பதுகளில் இலங்கைக்கும் வந்தது. மகரகமையில் பயிற்சி பெற்ற பள்ளிப் பல் சிகிச்சையாளர்கள், தமிழ்ப் பள்ளிகள் உட்படப் பல பள்ளிகளில் வேலை செய்தார்கள். பள்ளிக்கூடத்துக்குள்ளேயே பல் நாற்காலி! இங்கே அந்த வழி பிடிபடவில்லை.

நம் தமிழ்நாடும் சும்மா இருந்ததில்லை. எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது, சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பற்பொடி கொடுத்தார்கள். இதைக் கேட்டுச் சிரித்தவர்களும் உண்டு. சோறு போடும் இடத்தில் பல்லையும் நினைத்தது சிரிக்கத் தக்க விஷயமே அல்ல. 2013 முதல் ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்திய காரியக்ரமத்தின் கீழ் மருத்துவக் குழுக்கள் பள்ளிகளுக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கின்றன. அந்தப் பட்டியலில் பல் சொத்தையும் இருக்கிறது. ஆனால் பற்பொடியைக் கையில் கொடுப்பது வேறு, கண் முன்னால் தேய்க்கச் சொல்வது வேறு.

காலை உணவுக்குப் பின் பத்து நிமிஷம்

இப்போது நல்ல சந்தர்ப்பம் ஒன்று கூடி வந்திருக்கிறது. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையில் பிள்ளைகள் பள்ளியிலேயே உப்புமாவும் பொங்கலும் கிச்சடியும் சாப்பிடுகிறார்கள். ஆறு வயதுப் பல் வந்திருக்கும் அதே வாய்கள், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கின்றன. சாப்பிட்டு முடிந்ததும் பத்து நிமிஷம் ஒதுக்கினால் போதும்.

ஆசிரியை முன்னால் நின்று தானும் ஒரு பிரஷைப் பிடித்துக் காட்ட வேண்டும். கடைவாயின் மேற்புறம் முதலில். அதுவும் கடைசியில், புதிதாக வந்த பல்லின்மேல் பிரஷைக் குறுக்காக வைத்துப் பத்து தடவை. பிறகு வெளிப்புறம், உட்புறம். ஓங்கித் தேய்க்க வேண்டியதில்லை. இரண்டு நிமிஷத்துக்குக் கடிகாரம் இல்லாவிட்டால் வாய்ப்பாடு இருக்கிறது. ஒரு பிள்ளை நின்று இரண்டு வாய்ப்பாட்டை நிதானமாகச் சொன்னால் மற்றவர்கள் அதுவரை தேய்ப்பார்கள். கணக்கும் ஆயிற்று, பல்லும் ஆயிற்று.

பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு நல்ல வேடிக்கை ஒன்றும் உண்டு. முட்டை ஓட்டை எலுமிச்சம்பழச் சாற்றில் போட்டு வைத்தால் பொரபொரவென்று குமிழி வரும். மறுநாள் ஓடு மெலிந்து நைந்திருக்கும். அமிலம் பல்லை என்ன செய்கிறது என்று அரைமணி நேரம் பேசுவதைவிட இது மேல். பீட்ரூட் சாற்றைக் கொப்பளிக்க வைத்துக் கண்ணாடியைக் கொடுத்தால், தேய்க்காத இடங்களில் சிவப்பு ஒட்டியிருப்பதைப் பார்த்து ஒருவரை ஒருவர் கேலி செய்துகொள்வார்கள்.

இரவுப் பல் தேய்ப்புத்தான் கஷ்டம். தூங்கும்போது உமிழ்நீர் குறைந்துவிடும். அப்போது வாயில் இனிப்பு ஒட்டிக்கொண்டிருந்தால் தடுப்பார் இல்லை. அந்த வேளையில் ஆசிரியை பக்கத்தில் இருக்க முடியாது. அப்பா அம்மா தறியை நிறுத்திவிட்டு எழுந்திருக்கும் நேரம் வரைக்கும் குழந்தை விழித்திருப்பதும் இல்லை. இதற்கு வழி வீட்டிலேயே இருக்கிறது. ராத்திரிச் சாப்பாடு ஆனவுடனே, மறுபடி தறியில் உட்காரும் முன், குழந்தைக்குப் பல் தேய்த்துவிட வேண்டும். ஆறேழு வயது வரையில் குழந்தை தானாகத் தேய்ப்பது விளையாட்டுக்குச் சமானம். பாவில் அறுந்த இழையைத் தேடி எடுக்கும் அந்த விரல்களுக்குக் குழந்தையின் கடைவாய்ப் பல்லைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரிய காரியமா?

இந்த யோசனைகளைத் தொடக்கப் பள்ளி ஆசிரியைகளிடம் சொன்னால் அவர்கள் முதலில் கேட்பது புளோரைடைப் பற்றி அல்ல, பிரஷைப் பற்றி. "முப்பது பிள்ளைங்க பிரஷை எங்கேங்க வைக்கிறது? ஒண்ணோட ஒண்ணு கலந்துட்டா?" என்பார்கள். அனுபவம் பேசுகிறது! ஒன்றோடொன்று உரசும்படி ஒரே டம்ளரில் போட்டு வைக்கக் கூடாது. மூடிய டப்பாவும் கூடாது, ஈரம் காயாது. ஒரு மரச் சட்டத்தில் முப்பது துளைகள், துளைக்குக் கீழே பிள்ளையின் பெயர், தலைப்பக்கம் மேலே நிமிர்ந்து காற்றாட நிற்க வேண்டும். எறும்பும் பல்லியும் வராமல் மேலே ஒரு வலைத் துணி. ஆரணியில் தறி செய்து கொடுக்கும் தச்சருக்கு இது அரை நாள் வேலை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பிரஷ் மாற்ற வேண்டும். அதற்கு வேண்டிய பணத்தைப் பட்டு வியாபாரிகளிடம் கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டார்கள். சட்டத்தை வெள்ளிக்கிழமை தோறும் கழுவி வெயிலில் வைப்பது யார் முறை என்பதை மட்டும் பிள்ளைகளே சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளட்டும்.